‘உண்மை’க்கு எத்தனை மதிப்பெண்?

வணக்கம் ஐயா,

கலைக் கல்லூரி ஒன்றின் இதழியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரவிருப்பதால் துறையின் விழுமியங்களையும் கல்வி நோக்கங்களையும் புதிதாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பிற கல்லூரிகளின் தளங்களைப் பார்த்தேன். எங்கும் ‘உண்மை, நேர்மை, சமூகப் பொறுப்பு’தான். வேறு எப்படி எழுதுவது?
ர., மதுரை

அன்புள்ள ர.,

அந்தச் சொற்களில் பிழையில்லை. அவற்றுக்குக் கீழே பயிற்சியும் மதிப்பெண்ணும் இல்லாததுதான் குறை. ஒரு விழுமியத்தை மீறும் மாணவர் எந்தப் பயிற்சியில் எத்தனை மதிப்பெண் இழப்பார் என்று சொல்ல முடிந்தால் அதை எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் மெடில் இதழியல் பள்ளியில் ‘மெடில் எஃப்’ என்ற வழக்கம் பேர்போனது. ஒருவரின் பெயரைத் தப்பாக எழுதினாலே அந்தப் பயிற்சியில் ‘எஃப்’, அதாவது தோல்வி. நடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. நம் உள்மதிப்பீட்டில் அவ்வளவு கடுமை செல்லாது. 10 மதிப்பெண் பயிற்சியில் தகவல் பிழை ஒன்றுக்கு 5 குறையும் என்று பாடத்திட்டத்திலேயே அச்சிட்டுவிடலாம். ‘உண்மை’ அப்போதுதான் மாணவர் கண்ணில் படும்.

நோக்கங்களில் ‘அறிவர்’, ‘புரிந்துகொள்வர்’ என்று முடிபவற்றை அடித்துவிடுங்கள். அவற்றை அளக்க வழியில்லை. ‘ஊடகச் சட்டங்களை அறிவர்’ என்பதை, ‘சிறார் பாதிக்கப்பட்ட வழக்குச் செய்தியில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு மறைக்கச் சொல்லும் விவரங்களை நீக்கித் திருத்துவர்’ என்று மாற்றுங்கள். மாணவர்கள் வழுக்கும் இடமே இதுதான். பெயரை எடுத்துவிட்டு, பள்ளியையும் தெருவையும் தந்தையின் தொழிலையும் விட்டுவைப்பார்கள். ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எல்லாம் அந்தப் பிரிவில் அடங்கும். சட்டம் எந்த ஆண்டு வந்தது என்று தேர்வில் கேட்டால் இந்தத் தவறு வெளியே வராது. பழைய செய்தி ஒன்றைக் கையில் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டும்.

எண்ணறிவையும் தனி நோக்கமாகச் சேருங்கள். ஒரு கட்சியின் வாக்கு 40 சதவீதத்திலிருந்து 50 ஆனால் உயர்வு 10 சதவீதப் புள்ளி. முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் 25 சதவீதம். இதைக் குழப்பாமல் எழுதத் தெரியாதவரைத் தேர்தல் செய்திக்கு அனுப்பக் கூடாது.

‘சமூகப் பொறுப்பு’க்கு ஆளுக்கொரு தகவல் உரிமை மனு போதும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். பருவத்தின் முதல் வாரத்திலேயே போடச் செய்யுங்கள். பாதியில் போட்டால், பதில் வராதபோது முதல் மேல்முறையீடு செய்து பார்க்க நாள் இருக்காது. அதிகம் கற்றுக்கொள்வது அந்த மேல்முறையீட்டில்தான்.

பாடங்களையும் நோக்கங்களையும் பொருத்தும் அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் 3, அதாவது ‘மிகப் பொருத்தம்’ என்று போடும் பழக்கம் வேண்டாம். கேமரா வகுப்பு அறத்தைக் கற்பிக்கவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். காலிக் கட்டம்தான் அடுத்த ஆண்டு எந்தப் பாடத்தை மாற்ற வேண்டும் என்று காட்டும்.

கடைசியாக, வகுப்பின் அளவு. அமெரிக்க இதழியல் கல்வி அங்கீகாரக் குழு, செய்முறை வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 20 மாணவருக்கு மேல் கூடாது என்கிறது. உங்களிடம் 60 பேர் என்றால் மூன்று பிரிவு வேண்டும். அத்தனை பேரின் செய்தியையும் வாரந்தோறும் வரிவரியாகத் திருத்த ஒருவரால் ஆகாது. இதையும் அந்த ஆவணத்திலேயே எழுதி, குழு வருவதற்கு முன் நிர்வாகத்திடம் கேளுங்கள். வந்துபோன பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.