ஆம்ஸ்டர்டாமைத் தாண்டி நெதர்லாந்தில் கட்டடம், ஊர் என்று பார்க்க ஏதாவது இருக்கிறதா? எல்லா ஊரும் ஒரே மாதிரிதானே?

வேலை விஷயமாக வந்திருப்பதாகவும், கையில் இரண்டு வார இறுதிகள் இருப்பதாகவும், "எங்கே போனாலும் அதே செங்கல் வீடு, அதே வாய்க்கால், அதே தட்டைத் தரை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். யாரோ ஒரு நண்பர் சனிக்கிழமை காலையில் உங்களைக் காரில் ஏற்றி, சான்சே ஸ்கான்ஸ் காற்றாலைகள், கூக்கன்ஹாஃப் துலிப் தோட்டம், கீத்தோர்ன் வாய்க்கால் கிராமம் மூன்றையும் ஒரே நாளில் காட்டி, ராத்திரி விடுதி வாசலில் இறக்கிவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் இதே வசனத்தைத்தான் என்னிடம் சொல்கிறார்கள். அதனால் பதில் கொஞ்சம் சூடாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கட்டடக்கலை படித்தவனில்லை. கணினி வேலைதான். சான்சே ஸ்கான்ஸுக்குப் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை, யாரும் பின்னூட்டத்தில் பாய வேண்டாம். ஆனால் அங்கே இருக்கிற பச்சை மரவீடுகள் பலவும் 1960களில் தொடங்கி அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தவை. அவை இருந்த மண்ணோடு சேர்த்துப் பார்க்கிற வாய்ப்பு அங்கே இல்லை. இந்த நாட்டில் மண்ணை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் பார்த்தால் ஒன்றுமே பிடிபடாது. ஏனென்றால் பாதி இடங்களில் அந்த மண்ணே மனிதன் கட்டியதுதான்.

பேம்ஸ்டருக்குப் போங்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, பர்மரெண்ட் ஊரை ஒட்டி இருக்கிறது. 1612 வரை அது ஏரி. ஆம்ஸ்டர்டாம் வியாபாரிகள் பணம் போட்டு, ஏரியைச் சுற்றிக் கரை கட்டி, கரைக்கு வெளியே ஒரு வளைய வாய்க்கால் வெட்டி, நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளை வைத்துத் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளினார்கள். ஒரு காற்றாலையால் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குமேல் தண்ணீரைத் தூக்க முடியாது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்படியாக நிறுத்தி, ஒன்று தூக்கியதை அடுத்தது வாங்கி மேலே அனுப்பும்படி வைத்தார்கள். வற்றிய ஏரித் தரையை அளவுகோல் வைத்துச் சதுரம் சதுரமாகப் பிரித்துச் சாலை போட்டார்கள். அந்தச் சதுரங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது ஏதோ ஒரு தேவாலயமோ அரண்மனையோ இல்லை, அந்த மொத்த வயல்வெளியும்தான்.

என் பெரியப்பா வந்திருந்தபோது அங்கேதான் கூட்டிப்போனேன். பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆம்ஸ்டர்டாமில் இரண்டு நாளும் "கால் வலிக்குதுடா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. டெ ரைப் ஊருக்குப் பக்கத்தில் கரைமேல் ஏறி நின்றோம். இடது பக்கம் வளைய வாய்க்காலில் ஒரு படகு போகிறது. வலது பக்கம் நன்றாகக் கீழே பள்ளத்தில் மாடு மேய்கிறது. படகின் அடிப்பகுதி மாட்டின் தலைக்கு மேலே இருக்கிறது. பெரியப்பா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணி வயலுக்கு மேல நிக்குதே, கசியாதா?"

"கசியும் பெரியப்பா. மழைத்தண்ணி வேற சேரும். பம்பு வெச்சு வெளியேத்திட்டே இருப்பாங்க."

"கரண்ட் போனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவருக்குக் கால் வலியே இல்லை. மதகு எங்கே, பம்பு எங்கே, கரைக்கு யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே சாயங்காலம்வரை நடந்தார். கரைக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் இங்கே தனி நீர்வாரியங்கள் இருக்கின்றன, அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி என்றதும், "அதான் வேலை நடக்குது" என்றார். அந்தக் குரலில் முப்பது வருட அலுவலகக் கோபம் இருந்தது.

பேம்ஸ்டர் பண்ணைவீடுகளைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். சதுரமான அடித்தளத்தின்மேல் பிரமிடு மாதிரி ஒரே பெரிய கூரை. உள்ளே நடுவில் நான்கு தடித்த மரத்தூண்கள். தூண்களுக்கு இடையில் வைக்கோலை உச்சிவரை அடுக்குவார்கள். அதைச் சுற்றி ஒரு பக்கம் மாடுகள், ஒரு பக்கம் குடும்பம், எல்லாம் அந்த ஒரே கூரைக்குள். கூரை முழுக்க நாணல் வேய்ந்திருக்கும், முன்பக்கம் மட்டும் அலங்காரமாக ஓடு பதித்த ஒரு பட்டை. மிட்டன்பேம்ஸ்டரில் 1682-இல் கட்டிய 'டி ஏன்ஹோர்ன்' பண்ணையைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். இதெல்லாம் ஆட்கள் குடியிருக்கிற வீடுகள். வாசலில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள்.

அங்கிருந்து ஹோர்ன் பக்கம்தான். கப்பல் பணத்தில் கட்டிய ஊர். படிக்கட்டு வைத்ததுபோல ஏறி இறங்கும் முகப்புகள், உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி வைத்த உத்தரம், தெருவை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்த சுவர். சுவரை வேண்டுமென்றேதான் சாய்த்துக் கட்டினார்கள், கயிற்றில் சாமான் ஏற்றும்போது முகப்பில் இடிக்காமல் இருக்க. சதுக்கத்தில் 1609-இல் கட்டிய எடைக்கூடம் இருக்கிறது. அதற்கு எதிரே, இந்தோனேசியாவின் பாண்டாத் தீவுகளில் ரத்த ஆறு ஓடவிட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளுநர் யான் பீட்டர்ஸூன் கூன் என்பவரின் சிலை நிற்கிறது. உள்ளூரிலேயே அதைப் பற்றிச் சண்டை ஓய்ந்தபாடில்லை. 1658-இல் நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் அந்தக் கம்பெனிதான். அதற்கு ஆறு கிளைகள், அதில் ஒன்று இந்த ஊரில்தான் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் அந்த அழகான முகப்புகளை வெறும் அழகாக மட்டும் பார்க்க முடியாது.

       

இரண்டாவது வார இறுதியில் உட்ரெக்ட். 112 மீட்டர் தேவாலயக் கோபுரத்தை எல்லோரும் காட்டுவார்கள். கோபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் ஏன் ஒரு சதுக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டையும் இணைத்திருந்த தேவாலய நடுக்கூடம் 1674 புயலில் விழுந்தது, திரும்பக் கட்டவே இல்லை. ஆனால் நான் உங்களை அனுப்புவது கட்டடக்கலைஞர் ரீட்ஃபெல்ட் 1924-இல் கட்டிய ஷ்ரோடர் வீட்டுக்கு. சாதாரணச் செங்கல் வீட்டு வரிசையின் கடைசியில், வெள்ளையும் சாம்பலும் நடுவே சிவப்பு, மஞ்சள், நீலக் கோடுகளுமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கணவரை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருந்த ட்ரூஸ் ஷ்ரோடர் கேட்டுக் கட்டிய வீடு. வடிவமைப்பில் அவர் பங்கும் பெரிது. மாடியில் நிலையான சுவர் அநேகமாகக் கிடையாது. பகலில் ஒரே கூடம், ராத்திரி பலகைகளை இழுத்தால் தனித்தனி அறைகள். இதற்கு அனுமதி கிடைக்காது என்று வரைபடத்தில் மாடியைப் 'பரண்' என்று எழுதிக் கொடுத்தார்கள். மூலையில் இருக்கிற ஜன்னல்கள் இரண்டையும் திறந்தால் அங்கே தூணே இல்லை, வீட்டுக்கு மூலையே காணாமல் போகும். 1985-இல் இறக்கும்வரை அந்த அம்மா அங்கேயேதான் வாழ்ந்தார். முன்பதிவு செய்யாமல் போனால் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

கார் இருந்தால் ஸ்கொக்லாந்து. கடல் தின்றுகொண்டே வந்ததால் 1859-இல் அரசாங்கம் மக்களை வெளியேற்றிய தீவு. 1942-இல் சுற்றியிருந்த கடலை வற்றவைத்தபிறகு இப்போது வயலுக்கு நடுவில் ஒரு மேடாக நிற்கிறது. உருளைக்கிழங்கு வயலிலிருந்து தீவுக்கு ஏறுவது வேறெங்கும் கிடைக்காத அனுபவம். பக்கத்திலேயே நாகலே, எல்லா வீட்டுக்கும் தட்டைக்கூரை போட்டு நவீனக் கட்டடக்கலைஞர்கள் திட்டமிட்ட விவசாய ஊர். எனக்குப் பிடிக்கும், என் மனைவிக்கு அரசு ஊழியர் குடியிருப்பு மாதிரி இருக்கிறதாம்.

முடிந்தால் செப்டம்பர் இரண்டாவது வார இறுதியில் வாருங்கள். மற்ற நாளில் பூட்டிக்கிடக்கும் பழைய கட்டடங்கள் பலவற்றை அன்று இலவசமாகத் திறந்துவிடுவார்கள். சைக்கிள் எடுத்தால் வரைபடம் தேவையில்லை, சந்திப்புகளில் எண் போட்ட பலகைகள் இருக்கும், எண்களைக் குறித்துக்கொண்டு ஓட்டினால் போதும். எதிர்க்காற்றைக் கணக்கில் வைத்து, போகவேண்டிய தூரத்தில் பாதியைக் குறைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சின்ன ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கலாம், புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள்.