ஸ்பானிஷ் டீச்சரிடம் கேளுங்கள்: சரளம் போகாமல் இருக்க என்ன செய்வது?

ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. லீவில் முடிந்தபோதெல்லாம், ஸ்பானிஷ் பேசும் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரத்துக்குப் போய் ஒரு குடும்பத்தோடு தங்கிவிட்டு வருவேன். அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: தினமும் வகுப்பில் பேசுகிறீர்களே மேடம், அப்புறம் எதற்கு அங்கே போக வேண்டும்?

வகுப்பில் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிதானமாக, அவர்களுக்குத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்துப் பேசுகிறோம். வருடம் முழுக்க அப்படியே பேசினால் நம்முடைய ஸ்பானிஷும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். நடுவில் மூன்று வருடம் போகாமல் இருந்தேன். திரும்பப் போன அன்று சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச, என்னால் பிடிக்கவே முடியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

கேள்வி: ஏன் ஆன்டிகுவா?

அங்கே ஒரு ஆசிரியருக்கு ஒரு மாணவர் என்பதுதான் வழக்கம், நாலு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசலாம். ஆனால் வெளிநாட்டவர் அதிகம், ஆங்கிலத்துக்கு நழுவுவது சுலபம். அது வேண்டாமென்றால் அதே நாட்டில் 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெட்சால்தெனாங்கோ நகரத்துக்குப் போங்கள். ஊர்க்காரர்கள் ஷேலா என்பார்கள். ஸ்வெட்டர் அவசியம்.

கேள்வி: புத்தகத்தில் இல்லாத எது அங்கே கிடைத்தது அக்கா?

ஒரு நாள் காலையில் சோப்பும் கையுமாக நிற்கிறேன், வீட்டுக்கார அம்மா வந்து "ஃபீஹேசே கே நோ ஆய் ஆக்வா" என்றார். தண்ணீர் இல்லையாம். 'ஃபீஹேசே' என்றால் அகராதிப்படி 'கவனியுங்கள்', ஆனால் அந்த ஊரில் அது நம்ம "அது வந்துங்க..." மாதிரி, கடையிலோ ஆபீஸிலோ அப்படி ஆரம்பித்தாலே சாதகமில்லாத சேதி வருகிறது என்று அர்த்தம். அப்புறம் 'வோஸ்'. 'உன்னிடம் இருக்கிறது' என்பதற்கு நான் வகுப்பில் 'தூ தியேனெஸ்' என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், அங்கே நண்பர்களுக்குள் 'நீ' என்பதற்கு 'தூ'வுக்குப் பதில் 'வோஸ்' போட்டு 'வோஸ் தெனேஸ்' என்கிறார்கள். இப்போது என் பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியும்.

கேள்வி: தமிழ் பேசுபவர்களுக்கு ஸ்பானிஷ் கஷ்டமா?

சில இடங்களில் நமக்குத்தான் சுலபம். 'நாதா'வில் வரும் 'த' அப்படியே நம்ம 'அது'வில் வருவதுதான். 'மே குஸ்தா எல் கஃபே' என்பதை ஆங்கிலம் வழியாகப் படித்தால் தலை சுற்றும், 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று தமிழில் நினைத்தால் முடிந்தது, அங்கேயும் 'எனக்கு'தான்.

கேள்வி: டிக்கெட்டுக்குப் பணம் இல்லாதவர்கள்?

வாரம் இரண்டு நாள் வீடியோ காலில் ஒரே ஆசிரியரோடு பேசுங்கள். சொல் மறந்தால் ஆங்கிலத்துக்குத் தாவாமல் சுற்றிவளைத்தாவது சொல்லுங்கள். போன வாரம் எனக்கு வடிகட்டிக்கு வார்த்தை வரவில்லை. "டீயை ஊற்றினால் இலை மேலே நின்றுவிடும், அந்தச் சின்ன வலை" என்றேன். எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே "கோலதோர்" என்றார்.