கியூபேஸிலிருந்து லாஜிக்குக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்): ஆடிவேல் விழாவையொட்டி வெளியிடுவதற்காக முருகன் பாடல்கள் சிலவற்றை வீட்டிலேயே, விண்டோஸ் கணினியில், கியூபேஸ் மென்பொருளில் பதிவு செய்திருக்கிறேன். மிக்ஸிங் செய்து தர ஒப்புக்கொண்ட சென்னை ஒலிப்பொறியியலாளர் லாஜிக் ப்ரோவில் வேலை செய்பவர். முழு ஃபோல்டரையும் அனுப்பிவைத்தேன்; திறக்க முடியவில்லை என்கிறார். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தரும் மென்பொருள் ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய புரொஜெக்ட் கோப்பு கல்யாண வீட்டுச் சாமான் துண்டு போன்றது; துண்டில் எழுதியிருக்கிறது என்பதற்காக அரிசி வீடு வந்து சேர்ந்துவிடாது. எந்த ஒலிக்கோப்பு எந்த இடத்தில் தொடங்க வேண்டும், அதன்மேல் எந்த ப்ளக்-இன் (வாத்தியமாகவோ ஒலி விளைவாகவோ சேர்ந்து இயங்கும் துணை மென்பொருள்) எந்த அளவில் இயங்க வேண்டும் என்ற கட்டளைகள் மட்டுமே அதில் இருக்கின்றன, அவையும் கியூபேஸுக்கு மட்டும் விளங்கும் விதத்தில். லாஜிக் 2002 இல் அப்பிள் நிறுவனத்தின் கைக்கு வந்த பிறகு விண்டோஸ் பக்கம் வருவதே இல்லை. ப்ளக்-இன்களிலும் அது அப்பிளின் ஓடியோ யூனிட் வகையைத்தான் ஏற்கும், கியூபேஸ் பயன்படுத்தும் விஎஸ்டி வகையை ஏற்காது. ஆகவே கோப்பைத் திறக்க வழி கிடைத்தாலுங்கூட, உள்ளே பாதி ட்ராக்குகள் ஊமையாகத்தான் இருக்கும்.

எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக விளங்குபவை இரண்டு: வேவ் ஒலிக்கோப்பு, ஒலியை அல்லாமல் வாசித்த சுரங்களின் குறிப்பை மட்டும் கொண்ட மிடி கோப்பு. ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து அனுப்புங்கள். இதில் கட்டாயமான விதி ஒன்றே ஒன்றுதான்: எல்லாக் கோப்புகளும் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். புல்லாங்குழல் இரண்டாம் சரணத்தில் மட்டும் வருகிறது என்றாலும் அதன் கோப்பு பாடலின் தொடக்கத்திலிருந்தே, வெற்று ஒலியோடு, தொடங்க வேண்டும். அப்போதுதான் அவர் அனைத்தையும் ஒரே கோட்டில் வைத்துவிட்டு உடனே வேலையைத் தொடங்கலாம். கியூபேஸில் எங்கிருந்து எதுவரை எடுப்பது என்பதைக் காட்டும் இடது, வலது லொக்கேட்டர்களைப் பாடல் முழுவதற்குமாக வைத்துவிட்டு, எக்ஸ்போர்ட் ஓடியோ மிக்ஸ்டவுன் பகுதியில் எல்லா சனல்களையும் ஒரே தடவையில் தெரிவு செய்தால் அது இவ்வாறே எடுத்துத் தரும். அதீத எடுப்பில், அதாவது தாளத்தின் சமத்துக்கு முன்பே தொடங்கும் பாடலாக இருந்தால், இடது லொக்கேட்டரை முதல் பாரில் (தாள அளவில்) வைக்கும்போது பாட்டின் முதற்சொல் வெட்டுப்பட்டுப் போகும். பாடலை முதலில் இரண்டு பார் தள்ளி வைத்துவிட்டு எடுப்பது நல்லது.

கோப்பின் தரத்தை நீங்கள் பதிவு செய்த அளவிலேயே விட்டுவிடுங்கள்: 48 கிலோஹேர்ட்ஸில் பதிந்ததை 48 ஆகவே, 24 பிட்டில். அந்த எண்ணை அவருக்கு எழுதியும் தெரிவியுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் வேறுபாட்டைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். ஆனால் 48 இல் பதிந்த கோப்பு மாற்றப்படாமல் 44.1 இல் ஓடிவிட்டால் பாடல் மெதுவாவதோடு சுருதியும் இறங்கும். 5 கட்டையில் பாடியவரின் குரல் 4 கட்டைக்கும் நாலரைக் கட்டைக்கும் நடுவில், எந்த ஆர்மோனியத்தோடும் சேராத ஓர் இடத்தில் வந்து நிற்கும்.

எந்த விளைவுகளைச் சேர்த்து எடுப்பது, எவற்றை நீக்கி எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். என் அபிப்பிராயம் இது: ஒலியின் இயல்பையே உருவாக்கும் விளைவுகளை, உதாரணமாக கிற்றாரின் அம்ப்ளிஃபயர் ப்ளக்-இன்னை, சேர்த்தே எடுங்கள். கியூபேஸின் சுருதி திருத்தும் பகுதியான வேரிஓடியோவில் குரலைத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தமும் ஒலியோடு பதிந்தே போக வேண்டும், ஏனெனில் அது கியூபேஸுக்கு வெளியே கிடையாது. குரலின் கொம்பிரஸர், ஈக்யூ போன்றவற்றை நிறுத்திவிட்டு எடுங்கள். அவற்றைச் செய்வதற்குத்தானே அவருக்குப் பணம் கொடுக்கிறீர்கள். ரிவேர்ப் உங்கள் மனதுக்குப் பிடித்ததாக இருந்தால் அதைத் தனிக் கோப்பாக எடுத்து அனுப்புங்கள். எல்லா ட்ராக்குகளும் ஒன்றுசேரும் மாஸ்டர் பஸ்ஸில், உச்ச ஒலியை அடக்கும் லிமிட்டர் இருந்தால் மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.

டெம்போவுக்காக ஒரு மிடி கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். கியூபேஸின் எக்ஸ்போர்ட் பட்டியலில் டெம்போ ட்ராக் என்று ஒன்று தனியாக இருக்கிறது. பெயரைப் பார்த்து அதைத் தெரிவு செய்துவிடாதீர்கள், அது மற்றொரு கியூபேஸுக்கு மட்டுமே விளங்கும். மிடி கோப்பு என்பதையே எடுங்கள். அதை லாஜிக்கில் இறக்கும்போது டெம்போவையும் எடுத்துக்கொள்ளவா என்று அது கேட்கும். விருத்தத்திலிருந்து தாளத்துக்குள் நுழையும் இடத்தில் நீங்கள் செய்த வேக மாற்றம் உட்பட எல்லாம் அங்கே போய்ச் சேரும். கடைசியாக, நீங்கள் கேட்டுப் பழகிய ஒரு தோராய மிக்ஸையும் வையுங்கள். வலம் இடம் பிரிக்கும் பேன் கணக்கில், நடுவில் நிற்கும் ஒலியை எவ்வளவு குறைப்பது என்பதற்கு 0, −3, −4.5, −6 டெசிபெல் என்று பல முறைகள் உண்டு. ஆகவே ஃபேடர் (ஒலி அளவுத் திருகு) எண்களை அப்படியே எழுதிக்கொடுத்தாலும் அங்கே சமநிலை சற்று வேறாகக் கேட்கும். தோராய மிக்ஸ் இருந்தால் அவர் காதால் ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்வார்.

கோப்புப் பெயர்களை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைப்பது உசிதம். விண்டோஸில் ஸிப் செய்த தமிழ்ப் பெயர்கள் மக் கணினியில் சில வேளைகளில் சிதைந்துபோகின்றன.

கேள்வி (பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு வாசகர்): இவ்வளவு காலமாகியும் எல்லா இசைமென்பொருளுக்கும் பொதுவான ஒரு புரொஜெக்ட் வடிவம் ஏன் வரவில்லை?

பதில்: வராமலில்லை, வந்தவை எல்லாம் அரைகுறையாகவே நின்றுவிட்டன. ஓஎம்எஃப் என்ற பழைய வடிவம் வெட்டி ஒட்டிய ஒலித்துண்டுகளை அவற்றுக்குரிய இடங்களோடு கொண்டு போகும். ஆனால் கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. அதன் பின்வந்த ஏஏஎஃப் அந்த எல்லையை நீக்கியது. திரைப்பட, தொலைக்காட்சி வேலைகளில், படத்தொகுப்பிலிருந்து ப்ரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்கு ஒலியைக் கொண்டுபோக இன்றும் அதுதான் கைகொடுக்கிறது. இசையமைப்பவருக்கு அது போதாது, ஏனெனில் மிடியும் ப்ளக்-இன்களும் அதில் வருவதில்லை.

உருப்படியான முயற்சி 2023 இல் வந்தது. பிட்விக், ப்ரிசோனஸ் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து டோப்ரொஜெக்ட் என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டன. உள்ளே பார்த்தால் அது ஒரு ஸிப் பொதிதான்: ஒலிக்கோப்புகள், எக்ஸ்எம்எல் என்ற பொது எழுத்து வடிவில் எழுதிய ட்ராக் விபரங்கள், ப்ளக்-இன்களின் அப்போதைய நிலை எல்லாம் அதில் அடங்கும். இரு பக்கத்திலும் ஒரே ப்ளக்-இன் நிறுவப்பட்டிருந்தால் அதன் திருகுகள் வைத்த இடத்திலேயே திறக்கும். பிட்விக்கிலும் ஸ்டூடியோ வன்னிலும் தொடங்கிய இந்த வசதி 2024 இல் வெளியான கியூபேஸ் 14 இலும் சேர்க்கப்பட்டது. இந்த மூன்றுக்குள் வேலை செய்கிறவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம். அப்போதும், மென்பொருளோடு கூடவே வரும் சொந்த வாத்தியங்களும் விளைவுகளும் மறுபக்கத்தில் இருக்கப்போவதில்லை என்பதை நினைவில் வைத்து, அவற்றை மட்டும் வேவ் ஆக எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் எளிதாக வேறிடம் போய்விடும் வழியை எந்த வியாபாரியும் முந்திக்கொண்டு திறந்துவிடுவதில்லை. உங்கள் கேள்விக்கு அதுவும் ஒரு விடை.

கேள்வி (தெஹிவளையிலிருந்து ஒரு வாசகி): டேட்டா செலவு கட்டுப்படியாகவில்லை. ட்ராக்குகளை எம்பி3 ஆக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என்ன?

பதில்: வேண்டாம். தரம் குறைவது ஒருபுறமிருக்க, எம்பி3 ஆக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் சில பத்து மில்லிசெக்கன் வெற்று ஒலி சேர்ந்துவிடுகிறது. பின்னர் பதிந்த ஒரேயொரு குரலை மட்டும் இவ்வாறு அனுப்பினால், அது மிருதங்கத்துக்குப் பின்னால் இழுபட்டுக் கேட்கும். டேட்டா பற்றிய உங்கள் கவலை நியாயமானதே: 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் மோனோ ட்ராக் ஒன்று நிமிடத்துக்கு 8.64 மெகாபைட், ஸ்டீரியோ அதன் இருமடங்கு. 20 மோனோவும் 10 ஸ்டீரியோவும் கொண்ட 4 நிமிடப் பாடல் 1.4 ஜிகாபைட்டை நெருங்கும். ஒற்றைக் குரலை ஸ்டீரியோவாக எடுக்காதிருந்தாலே கணிசமாக மிச்சம் பிடிக்கலாம். அடுத்ததாக ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றுங்கள். தரத்தில் எதுவும் இழக்காமல் சுருங்கும், பெறுபவர் மறுபடி வேவ் ஆக்கிக்கொள்ளலாம். 32 பிட் ஃப்ளோட் கோப்பை ஃப்ளாக் ஏற்காது, 24 பிட்டில் எடுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர்): எஃப்எல் ஸ்டூடியோவில் கீபோர்டால் வாசித்த நாதஸ்வரப் பகுதியை மிடியாக எடுத்து, ரீப்பர் மென்பொருள் வைத்திருக்கும் யாழ்ப்பாண நண்பருக்கு அனுப்பினேன். அவரிடமும் நாதஸ்வர ஒலித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. ஆனால் கமகங்கள் எல்லாம் அலங்கோலமாகக் கேட்கின்றன. நான் சி5 என்று வாசித்த சுரம் அவருக்கு சி4 என்று காட்டுகிறதாம். மிடி கோப்பு பழுதடைந்துவிட்டதா?

பதில்: கோப்பில் பழுது இல்லை. முதலில் சிறிய விடயம்: மிடியில் சுரத்துக்குப் பெயர் இல்லை, 0 முதல் 127 வரையான எண் மட்டுமே உண்டு. 60 ஆம் இலக்கச் சுரத்தை எஃப்எல் ஸ்டூடியோ சி5 என்றும், ரீப்பர் சி4 என்றும், ஏபிள்டன் லைவ் சி3 என்றும் எழுதிக் காட்டுகின்றன. ஒலிப்பது ஒரே சுரம்தான். பெயரைப் பார்த்து நண்பர் ஒரு ஸ்தாயி ஏற்றிவிட்டிருந்தால் அதை இறக்கச் சொல்லுங்கள்.

கமகம் கெட்டதற்குக் காரணம் பிட்ச் பெண்ட் எல்லை. நீங்கள் சக்கரத்தைத் தள்ளும்போது மிடியில் பதிவாவது சுருதி அல்ல, சக்கரத்தின் நிலை மட்டுமே. 16,384 படிகளில் ஏதோ ஒன்று. கடைசிவரை தள்ளினால் எத்தனை சுரத்தானம் ஏற வேண்டும் என்பதை வாசிக்கும் வாத்தியம்தான் தீர்மானிக்கிறது. பொதுவான வழக்கம் மேலே 2, கீழே 2 அரைச்சுரங்கள். பல ஒலித்தொகுப்புகளில் அது 12 ஆக வைக்கப்பட்டிருக்கும். நீங்கள் சட்ஜத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்கு இழுத்த முழு இழுப்பு அங்கே மேற்சட்ஜத்தில் போய் முட்டும். காந்தாரத்தில் நீங்கள் கொடுத்த மெல்லிய அசைவு ஆறு மடங்கு பெருத்து ஊளையிடும். நண்பரின் வாத்தியத்தில் பிட்ச் பெண்ட் எல்லையை உங்களுடையதற்குச் சமமாக வைத்தால் பெரும்பகுதி அப்போதே சரியாகிவிடும். இந்த எல்லையை மிடி கோப்புக்குள்ளேயே கட்டளையாக எழுதி அனுப்பவும் முடியும். அதை மதிக்காத ஒலித்தொகுப்புகள் பல இருப்பதால் நான் அதை நம்புவதில்லை. எண்ணை ஒரு வரியில் எழுதி அனுப்புவதே மேல்.

எஃப்எல் ஸ்டூடியோவில் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். பியானோ ரோலில் முக்கோணக் குறியோடு வரையும் ஸ்லைட் சுரங்கள் அந்த மென்பொருளின் சொந்த வாத்தியங்களில் மட்டுமே வேலை செய்பவை. மிடியாக எடுத்தால் சறுக்கல் போய் வெறும் சுரமே மிஞ்சும். இரண்டாவதாக, மிடியாக எடுப்பதற்கு முன் மெக்ரோஸ் பட்டியலிலுள்ள ஆயத்தக் கட்டளையை இயக்க வேண்டியிருக்கும். அது உங்கள் வாத்தியங்களையெல்லாம் மிடி அவுட் ஆக, அதாவது தாமாக ஒலிக்காத வெறும் மிடி வெளியீடாக, மாற்றிவிடும். ஆகவே புரொஜெக்டை வேறு பெயரில் சேமித்து, அந்தப் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

எதுவானாலும் மிடியோடு நீங்கள் வாசித்ததன் வேவ் கோப்பும் போக வேண்டும். தோடியின் காந்தாரத்தை இரண்டு ஒலித்தொகுப்புகள் ஒரே மாதிரி ஒலிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒன்றில் துண்டு துண்டாக வாசித்துப் பதிந்திருப்பார்கள், மற்றதில் நீண்ட ஊதலாக இருக்கும். உங்கள் கமகம்தான் பாட்டுக்கு வேண்டும் என்றால் நண்பர் அந்த வேவையே வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி (மட்டக்குளியிலிருந்து ஓர் இசை ஆசிரியை): மாணவிகளின் பாடல்களை 2005 காலப்பகுதியில் விண்டோஸ் எக்ஸ்பி கணினியில், கியூபேஸ் எஸ்எக்ஸில் பதிந்தேன். கணினி இன்னும் ஓடுகிறது. புதிய கணினி வாங்கிய பிறகு இவற்றைத் திறக்கலாமா?

பதில்: புதியதில் திறப்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள், பழையது ஓடும்போதே வெளியே எடுப்பது முதல் வேலை. உங்கள் காலத்து ப்ளக்-இன்கள் 32 பிட் வகையைச் சேர்ந்தவை. கியூபேஸ் 2016 இல் வந்த 9 ஆம் பதிப்போடு அவற்றை ஏற்பதை நிறுத்திவிட்டது. விஎஸ்டி2 என்ற அந்தப் பழைய ப்ளக்-இன் முறையையே கைவிடுவதாக அதை உருவாக்கிய ஸ்டைன்பேர்க் நிறுவனம் 2022 இல் அறிவித்தது. ஆகவே புதிய கியூபேஸில் புரொஜெக்ட் திறந்தாலும், குரல்களும் சுரங்களும் வரலாம், வாத்தியங்கள் ஒலிக்கமாட்டா. மென்பொருளே மறைந்துபோவதும் உண்டு: சோனார் என்ற பதிவு மென்பொருளை வைத்திருந்த கிப்சன் நிறுவனம் 2017 இல் அதன் உருவாக்கத்தை நிறுத்தியது, 2018 இல் பேண்ட்லேப் நிறுவனம் அதை வாங்கியிராவிட்டால் அதில் பதிந்தவர்களின் கதி உங்களைவிட மோசமாகியிருக்கும்.

முதல் கேள்விக்குச் சொன்ன முறையிலேயே ஒவ்வொரு பாடலையும் ட்ராக் ட்ராக்காக வேவ் ஆகவும், கூடவே மிடியாகவும் எடுங்கள். எஸ்எக்ஸில் எல்லாச் சனல்களையும் ஒரே தடவையில் எடுக்கும் வசதி கிடையாது. ஒவ்வொன்றையும் சோலோவில் வைத்துத் தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும், பொறுமை தேவைப்படும். எஸ்எக்ஸுக்குரிய யூஎஸ்பி சாவியைக் கழற்றி எங்கும் வைத்துவிடாதீர்கள், அது இல்லாமல் மென்பொருள் திறக்காது. அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்கவோ, அதில் புதிதாக எதையும் நிறுவவோ வேண்டாம். வன்தட்டுக்கும் இருபது வயது என்பதால், தொடங்குவதற்கு முன் புரொஜெக்ட் ஃபோல்டர்கள் முழுவதையும் வேறொரு தட்டுக்குப் பிரதி எடுத்துவிட்டு, வேறெங்கும் பிரதி இல்லாத பாடல்களிலிருந்து ஆரம்பியுங்கள்.