இடைசெவலில் பிறந்திருந்தால்?

கேள்வி: எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) போன்றவர்களுக்குக் கரிசல் காடும் கதை சொல்லும் பெரியவர்களும் வாய்த்தார்கள். நான் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்தவள். நினைவில் நிற்பது தண்ணீர் லாரியும் எப்போதும் சாத்தியே கிடந்த எதிர்வீட்டுக் கதவும்தான். வயது 34 ஆகிறது. இப்படியொரு பால்யத்தை வைத்துக்கொண்டு எதை எழுதுவது?
– ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: கி.ரா.வின் ஊரான, கோவில்பட்டிக்குப் பக்கத்திலுள்ள இடைசெவலில் அந்தக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்தார்கள். எல்லோருக்கும் அதே மண், அதே கம்மங்கஞ்சி, அதே கதைகள். ஊர்தான் எழுத வைக்கும் என்றால் அங்கே தெருவுக்கு நாலு எழுத்தாளர்கள் இருந்திருக்க வேண்டுமே! நமக்குத் தெரிந்து பேர் சொல்லும்படி வந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும்.

சிறு வயதிலிருந்தே கூட்டாளிகளான அந்த இருவரும் ஒரே மாதிரியா எழுதினார்கள்? கி.ரா.வின் காது ஊர்ப் பேச்சிலேயே இருந்தது. அந்தச் சொற்களைத் திரட்டி ஓர் அகராதியே போட்டார். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதும் தான் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னவர் அவர். அழகிரிசாமியின் கண் வேறு இடத்தில் இருந்தது. ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைப் படியுங்கள். தீபாவளிக்கு முந்தின நாள், உடம்பெல்லாம் புண்ணோடு ஓர் அநாதைப் பையன் ஏழை வீட்டு வாசலுக்கு வருகிறான். அவன் பெயர் ராஜா. அந்தத் தாய் தன் பிள்ளைகளோடு அவனையும் குளிப்பாட்டி, புருஷனுக்கென்று வாங்கிவைத்த துண்டை அவனுக்குக் கட்டிவிடுகிறாள். பணக்கார வீட்டுக்கு ஒரு ஜமீன் ராஜா வந்திருப்பதை அந்த வீட்டுப் பையன் பீற்றிக்கொள்ள, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று அந்த ஏழைச் சிறுமி சொல்கிறாள். பிள்ளைகளின் போட்டியும் பெருமையும் எப்படியிருக்கும் என்று உன்னிப்பாகக் கவனித்த ஒருவரால்தான் இதை எழுத முடியும். அந்தப் போட்டி மடிப்பாக்கத்து மொட்டைமாடியிலும் நடந்திருக்கும். நீங்களும் அதில் இருந்திருப்பீர்கள்.

சரி, உங்கள் கதவுக்கு வருகிறேன். அது ஏன் சாத்தியே கிடந்தது? உள்ளே யார் இருந்தார்கள்? உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவர்களைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசினார்களா? லாரி ஹாரன் கேட்டதும் முதலில் ஓடியது யார்? வரிசையை மீறி யாருடைய குடத்தை நுழைய விட்டார்கள், யாருடையதைத் தள்ளிவைத்தார்கள்? இதற்கெல்லாம் உங்களிடம் பதில் இருக்கிறது. கிராமம் இல்லையே என்பது வெறும் சாக்கு.

இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லக் காரணம் உண்டு. நகரத்தில் வளர்ந்தவர்கள் அடுத்தவரின் பால்யத்தை இரவல் வாங்கி எழுதும் கதைகள் எங்கள் மேசைக்கு நிறைய வருகின்றன. மழையை நம்பி விதை விதைக்கும் மானாவாரிக் கரிசல் காட்டில் நாற்று நடுகிறார்கள்! தான் பார்த்த லிஃப்டை எழுதியிருந்தால் அந்தத் தப்பு நேர்ந்திருக்காது.

அப்புறம், வயதைப் பற்றி. கி.ரா.வின் ஆரம்பகாலக் கதையான ‘மாயமான்’, ‘சரஸ்வதி’ இதழில் வெளிவந்தது 1958ல். அப்போது அவருக்கு வயது 35ஐ ஒட்டி.