ஹாம் (அமெச்சூர் ரேடியோ) பட்டறை: கிரிஸ்டல் ஃபில்டர் சந்தேகங்கள்

கேள்வி: ஐயா, எஸ்.எஸ்.பி. (கேரியர் என்ற தாங்கு அலையையும் இரு சைட்பேண்டில் ஒன்றையும் நீக்கி அனுப்பும் பேச்சு முறை) ரிசீவருக்காக 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் நான்கு வாங்கி, நண்பருடைய ஃபில்டரில் உள்ள அதே கெப்பாசிட்டர்களைப் போட்டேன். அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது. எனக்கோ மூக்கடைத்தவர் பேசுவதுபோல் இருக்கிறது. கிரிஸ்டல் பழுதா?

பதில்: பழுதாக இருக்காது. நண்பருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை நீங்கள் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். மேலே எழுதியிருக்கும் எண் ஒன்றாக இருந்தாலும், கிரிஸ்டலுக்குள் இருக்கும் மோஷனல் கெப்பாசிட்டன்ஸ் (அதன் அதிர்வைக் கெப்பாசிட்டராகக் கணக்கிட்டால் வரும் மிகச் சிறிய மதிப்பு) தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். உயரமான எச்.சி.-49/யூ உலோகக் கூட்டில் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலுக்கு அது 0.015 பி.எஃப். (பிக்கோஃபாரட்) அளவில் இருக்கும். குட்டையான 49/எஸ் கூட்டில் கணிசமாகக் குறையும், சிலவற்றில் பாதிதான். அது பாதியானால் ஃபில்டர் உள்ளே விடும் அதிர்வெண் அகலமும் ஏறக்குறையப் பாதியாகும். உங்களிடம் இருப்பது குட்டை ரகமா என்று முதலில் பாருங்கள். எஸ்.எஸ்.பி.க்கு உயரமானதைத் தேடி வாங்குவதே மேல்.

கேள்வி: அந்த மோஷனல் கெப்பாசிட்டன்ஸை வீட்டில் அளப்பது எப்படி? என்னிடம் ஃப்ரீக்வென்ஸி கவுண்டர் மட்டும்தான் இருக்கிறது.

பதில்: அதுவே போதும். ஜி3யூயூஆர் என்ற பிரிட்டிஷ் ஹாமின் அழைப்புக்குறியால் வழங்கும் முறை இது. 2என்3904 டிரான்சிஸ்டர் ஒன்றில் கோல்பிட்ஸ் ஆஸிலேட்டர் கட்டுங்கள். பேஸிலிருந்து எமிட்டருக்கு 470 பி.எஃப்., எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 470 பி.எஃப். கிரிஸ்டலின் ஒரு கால் பேஸுக்கு. மறு கால் 33 பி.எஃப். வழியாகக் கிரவுண்டுக்கு. அந்த 33-இன் குறுக்கே ஒரு சுவிட்ச். சுவிட்சை மூடி ஒரு எண், திறந்து ஒரு எண் குறித்துக்கொள்ளுங்கள். திறந்தால் அதிர்வெண் ஏறும்.

வித்தியாசம் 2,030 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டால் பெருக்குங்கள். பிறகு 37-ஆல் பெருக்குங்கள். 33-உடன் கிரிஸ்டல் கூட்டின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 4 சேர்ந்தது அது. கடைசியாகக் கிரிஸ்டலின் அதிர்வெண்ணான 1,00,00,000-ஆல் வகுத்தால் 0.015 பி.எஃப். வரும். இங்கே பலர் சறுக்குவது சுவிட்சில். திறந்திருக்கும் சுவிட்சுக்கும் வயருக்கும் சேர்த்தே இரண்டு, மூன்று பி.எஃப். வந்துவிடும். 33 என்று நம்புவது உண்மையில் 35 ஆகவோ 36 ஆகவோ இருக்கும். டிரான்சிஸ்டரும் கிரிஸ்டலும் செருகாமல் அந்த இடத்தை ஒருமுறை கெப்பாசிட்டன்ஸ் மீட்டரால் அளந்துவிடுங்கள்.

நானோ வி.என்.ஏ. (எந்த அதிர்வெண்ணில் சிக்னல் எவ்வளவு கடக்கிறது என்று வரைந்து காட்டும் சிறு கருவி) கிடைத்தால் இன்னும் சுலபம். கிரிஸ்டலை இரண்டு போர்ட்டுகளுக்கும் நடுவே தொடராகப் பொருத்தி, 4 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு மட்டும் ஓட்டுங்கள். 101 புள்ளிகளில் அது 40 ஹெர்ட்ஸ் படி. அகலமாக ஓட்டினால் உச்சி இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்து காணாமல் போகும். உச்சியில் இழப்பு 0.83 டெசிபல் என்றால் கிரிஸ்டலின் உள் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம். உச்சியிலிருந்து 3 டெசிபல் இறங்கும் இரு இடங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1,036 ஹெர்ட்ஸ் என்றால், போர்ட்டுகளின் 100 ஓமும் இந்த 10 ஓமும் சேர்ந்த 110-ஐ 6.28 × 1,036-ஆல் வகுங்கள். 0.0169 ஹென்றி, அதாவது 16.9 மில்லிஹென்றி மோஷனல் இண்டக்டன்ஸ். கவுண்டர் முறையில் வந்த 0.015-உடன் இது பொருந்தும்; இரண்டும் சேர்ந்தால் ஒத்ததிர்வு 10 மெகாஹெர்ட்ஸில் விழும். இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ தப்பு.

ஒரே பாக்கெட்டில் 20, 25 கிரிஸ்டல் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே ஆஸிலேட்டரில் செருகி எண்ணைக் கிரிஸ்டலின் மேலேயே எழுதிவையுங்கள். எஸ்.எஸ்.பி.க்கு நான்கும் 100 ஹெர்ட்ஸுக்குள் அமைந்தால் நல்லது. விரலால் பிடித்துச் செருகினால் உடல் சூட்டில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். இடுக்கியால் பிடியுங்கள், அரை நிமிடம் விட்டுப் படியுங்கள்.

கேள்வி: அளந்தாயிற்று. கெப்பாசிட்டர் எவ்வளவு?

பதில்: எல்லாக் கெப்பாசிட்டரும் ஒரே மதிப்பாக வரும் கோன் வகை ஏணி ஃபில்டரையே பரிந்துரைப்பேன். ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ்20 என்ற எஸ்.எஸ்.பி. டிரான்சீவரிலும் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் நான்கு ஏணியாகத்தான் நிற்கின்றன. கோன் வகையில் கிரிஸ்டல்களுக்கு இடையே கிரவுண்டுக்கு மூன்று கெப்பாசிட்டர், இரு முனைகளிலும் தொடராக ஒவ்வொன்று, ஆக ஐந்து.

மோஷனல் கெப்பாசிட்டன்ஸை அதிர்வெண்ணால் பெருக்கி, 0.6 × வேண்டிய அகலத்தால் வகுக்க வேண்டும். 2,400 ஹெர்ட்ஸுக்கு 104 பி.எஃப். வரும். உடனே 100 போட்டுவிடாதீர்கள். இந்தக் கணக்கு கூட்டின் 4 பி.எஃப்.பைப் பார்ப்பதில்லை, அது அகலத்தைச் சுருக்கும். 100 போட்டால் 2,100 ஹெர்ட்ஸ்தான் தேறும். 82 போட்டால் 2,500 வரும். முனைகளில் ஃபில்டர் எதிர்பார்க்கும் ரெசிஸ்டன்ஸ், அந்த 82 பி.எஃப். 10 மெகாஹெர்ட்ஸில் காட்டும் ரியாக்டன்ஸேதான்: 194 ஓம். 50 ஓம் சர்க்யூட்டிலிருந்து வர, எஃப்.டி.37-43 டொராய்டில் 4 சுற்று, 8 சுற்று போதும். அது 200 ஓம் கொடுக்கும். கெப்பாசிட்டர் என்.பி.0 ரகமாக இருக்கட்டும். சாதாரண டிஸ்க் செராமிக் வேண்டாம், சூட்டுக்கு மதிப்பு நகரும்.

கேள்வி: ஃபில்டரை நேரே நானோ வி.என்.ஏ.வில் மாட்டினால் மேல்புறம் தட்டையாக இல்லாமல் ஒட்டக முதுகாக இருக்கிறது. எந்தக் கிரிஸ்டலை மாற்றுவது?

பதில்: எதையும் மாற்ற வேண்டாம். 200 ஓம் கேட்கும் ஃபில்டருக்கு 50 ஓம் கொடுத்திருக்கிறீர்கள். இரு முனைகளிலும் 150 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று தொடராக வைத்து மறுபடி பாருங்கள். அந்த ரெசிஸ்டர்களாலேயே 12 டெசிபல் இழப்பு வரும். திரையில் 13 காட்டினால் ஃபில்டரின் சொந்த இழப்பு 1 என்று கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் முதுகு தெரிந்தால் கிரிஸ்டல்களின் அதிர்வெண்ணைச் சந்தேகிக்கலாம். ரிசீவரிலும் இதே கதைதான்: மிக்சரோடு நேரே இணைத்தால் மேசையில் அழகாக இருந்த ஃபில்டர் பெட்டிக்குள் போனதும் கெட்டுவிடும்.

கேள்வி: பேண்டுக்கு வெளியே 40 டெசிபலுக்கு மேல் அடக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: சிக்னல் ஃபில்டருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறது. நான்கு கூடுகளின் தலையிலும் ஒரு வயரை ஓட்டிக் கிரவுண்டு செய்யுங்கள். சால்டரிங் அயர்னை இரண்டு விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். உள்ளே போகும் வயரும் வெளியே வரும் வயரும் எதிரெதிர் முனையில் இருக்க வேண்டும்.

கேள்வி: இதே 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் சி.டபிள்யூ.வுக்கு (மோர்ஸ் தந்தி முறைக்கு) 500 ஹெர்ட்ஸ் ஃபில்டர் கட்டலாமா?

பதில்: கட்டலாம், இழப்பைப் பொறுத்துக்கொண்டால். கெப்பாசிட்டர் 470 பி.எஃப்., முனை ரெசிஸ்டன்ஸ் 34 ஓம் என்று இறங்கிவிடும். நான்கு கிரிஸ்டலின் 40 ஓம் அதன் முன் பெரிதாகி 4 டெசிபலைத் தின்னும், ஓரங்களும் மழுங்கும். 4.9152 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எடுத்தால் (70 மில்லிஹென்றி, 18 ஓம் அளவில் இருக்கும்) 220 பி.எஃப்., 147 ஓம், 2 டெசிபல். பொருத்தம் மட்டும் கறாராக வேண்டும். 20 ஹெர்ட்ஸுக்குள் நான்கு தேற 25 கிரிஸ்டல் போதாமலும் போகலாம்.

கேள்வி: நீக்கிய கேரியருக்குப் பதிலாக ரிசீவரில் அலை தரும் ஆஸிலேட்டரை, அதாவது பி.எஃப்.ஓ.வை, ஃபில்டரின் எந்தப் பக்கம் வைப்பது?

பதில்: மேல்பக்கம். ஏணி ஃபில்டரின் மேல்சரிவு செங்குத்து, கீழ்ச்சரிவு சோம்பல். மேலே வைத்தால் கேரியர் நன்றாக அடங்கும், கிடைப்பது லோயர் சைட்பேண்ட். நம் ஃபில்டரின் நடு, கிரிஸ்டலின் தொடர் ஒத்ததிர்வுக்கு 1,670 ஹெர்ட்ஸ் மேலே இருக்கும். பி.எஃப்.ஓ. அதே ஒத்ததிர்வுக்கு 3,200 மேலே வேண்டும். அதே பாக்கெட்டில் மிஞ்சிய கிரிஸ்டலோடு 5–30 பி.எஃப். டிரிம்மரைத் தொடராகப் போட்டால் 20 பி.எஃப். அருகே அந்த இடம் கிடைக்கும். கீழ்ப்பக்கம்தான் வேண்டுமென்றால் டிரிம்மரால் இறங்காது. அதன் இடத்தில் சின்ன சோக் காயில் ஒன்று போட வேண்டும். கவுண்டரில் 10.000 வரவில்லையே என்று பயப்படாதீர்கள். தயாரிப்பாளர் கூட்டில் அச்சிட்ட எண் 20 பி.எஃப். போன்ற சுமையோடு சொன்ன கணக்கு. தொடர் ஒத்ததிர்வு அதற்கு 3 கிலோஹெர்ட்ஸ் கீழே கிடக்கும்.