அழிவுகளும் அயல்கோள்களும்: சுங்கை சிப்புட் கேள்வி பதில்

பழைய பேரழிவுகளையும் வேற்றுக்கோள் உயிரையும் பற்றி, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில், ஞாயிறன்று தோட்ட மண்டபத்தில் என்னிடம் கேட்டவை, அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்தவை.

படிவம் ஐந்து மாணவி: சார், எப்போதோ செத்துப்போனதைப் படித்தால் வேற்றுக்கோள் உயிரைப் பற்றி என்ன தெரியும்?

நிறையத் தெரியும் மா. என் மேசையில் கிந்தா சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்று இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் சட்டைப் பொத்தான் போல வட்டங்கள், நடுவில் துளை. கடல் அல்லி என்ற விலங்கின் தண்டு அது. சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பொங்கி, கரியமில வாயு ஏறி, கடல் சூடாகி, நீரில் ஆக்சிஜன் குறைந்தது. கடல் இனங்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் அழிந்தன. கடல் அல்லியும் ஏறக்குறைய முடிந்தது. ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவில் பிழைக்கும் பச்சை கந்தக பாக்டீரியா பல கடல்களில் பெருகியது. அதன் நிறமியின் எச்சம் அக்காலப் பாறைகளில் கிடைக்கிறது. நமக்கு நஞ்சு, அதற்குச் சாப்பாடு. வேறு கோளில் இன்றைய பூமியைப் போன்றதை மட்டும் தேடினால் இப்படிப்பட்ட உயிரைத் தவறவிடுவோம்.

இன்னொன்று: மலையடிவாரத்தில் பாறையை உடைக்காதீர்கள். கீழே கிடப்பதைப் பார்த்தால் போதும்.

டைனோசர் விண்கல்லால்தானே அழிந்தது?

ஆமாம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோவின் சிக்சுலூப்.

லெங்கோங்கில் விழுந்த விண்கல்?

அது தொல்லியலாளர்களின் துறை. லெங்கோங் காட்சியகத்தில் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற கிராணி: வாத்தியாரே, ஆக்சிஜன் தெரிந்தால் உயிர் உண்டு என்றுதானே படித்தோம்?

இல்லை அண்ணே. புற ஊதாக் கதிர் நீராவியைப் பிளந்து, ஹைட்ரஜன் தப்பி ஓடினாலும் ஆக்சிஜன் மிஞ்சும். ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்திருந்தால்தான் உயிர் இருக்குமோ என்று சந்தேகப்படலாம். ஒன்றையொன்று தின்றுவிடும் வாயுக்கள் அவை, யாரோ ஓயாமல் நிரப்ப வேண்டும். தவிர, 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இங்கே உயிர் இருந்தது. காற்றில் ஆக்சிஜன் சேர்ந்ததோ சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

அவரே: அப்படியானால் கே2-18பி செய்தி?

அது 124 ஒளியாண்டு தூரத்தில், வேறொரு விண்மீனைச் சுற்றும் கோள். அங்கே டைமெதில் சல்ஃபைடு என்ற வாயுவின் தடயம் என்று 2025இல் கேம்பிரிட்ஜ் குழு சொன்னது. பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் மிதவை உயிரிகள் உண்டாக்குகின்றன. அதே தரவை மீண்டும் அலசிய சிலருக்கு அது கிடைக்கவில்லை. உயிரே இல்லாத 67பி வால்மீனிலும் அந்த வாயு இருந்தது.

அவரே: விஞ்ஞானிகளே ஒத்துக்கொள்ளாததை நாங்கள் எப்படி நம்புவது?

இன்னும் நம்ப வேண்டாம். சண்டை முடியட்டும் அண்ணே.

பறக்கும் தட்டு உண்மையா?

மூன்றாம் தடவை கேட்கிறீர்கள். என் துறை பாறை.

அந்தக் கல்லைப் பார்க்கலாமா, சார்?

அடுத்த ஞாயிறு கொண்டு வருகிறேன். உருப்பெருக்கி இருந்தால் எடுத்து வாருங்கள். சுத்தியல் வேண்டாம்.