கணினி கேள்வி – பதில்: புது ரவுட்டர் வந்தது, எடை கம்ப்யூட்டர் மறைந்தது

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் இருப்பது பழைய சிஸ்கோ ரவுட்டர்; அதில் ரிப் (ரவுட்டர்கள் தங்களுக்குத் தெரிந்த பாதைகளை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை) வெர்ஷன் 1 ஓடுகிறது. எதிர் மேட்டிலுள்ள எஸ்டேட் ஆபீசுக்கு வயர்லெஸ் இணைப்பு. ஆபீசில் புது சிஸ்கோ ரவுட்டர் மாட்டி ரிப் வெர்ஷன் 2 போட்டோம். அன்றிலிருந்து இலை எடை போடும் கம்ப்யூட்டர் ஆபீசில் தெரியவில்லை. ரவுட்டருக்கு ரவுட்டர் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது) மட்டும் போகிறது.
– வாசகர், கோத்தகிரி

பதில்: பிங் போகிறதென்றால் வயர்லெஸ் மேல் பழி இல்லை. ‘வெர்ஷன் 2’ கொடுத்த ரவுட்டர் அதை மட்டுமே அனுப்பும், அதை மட்டுமே ஏற்கும். பழையது 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும் பாதைப் பட்டியலைத் தள்ளிவிடும். புது ரவுட்டரில் கன்சோல் கேபிள் மாட்டி ‘டீபக் ஐபி ரிப்’ போட்டு அரை நிமிடம் பாருங்கள். ‘இல்லீகல் வெர்ஷன்’ என்று வரி வந்தால் இதுவே காரணம். பார்த்ததும் ‘அன்டீபக் ஆல்’.

உடனடி வழி: புது ரவுட்டரில் வயர்லெஸ் பக்கத்து இன்டர்ஃபேஸுக்குள் (அந்த இணைப்பு மாட்டிய முனை) ‘ஐபி ரிப் சென்ட் வெர்ஷன் 1’, ‘ஐபி ரிப் ரிசீவ் வெர்ஷன் 1’ இரண்டையும் கொடுங்கள்.

ஆனால் 1988-இல் வரையறுத்த வெர்ஷன் 1 சப்நெட் மாஸ்க்கை (நெட்வொர்க்கின் அளவைச் சொல்லும் எண்) அனுப்புவதில்லை. 192.168.10.0-ஐ /25 ஆக, அதாவது இரு பாதியாகப் பிளந்து ஆளுக்குப் பாதி கொடுத்து, நடுவில் வேறு நெட்வொர்க் வைத்திருந்தால், இரு ரவுட்டரும் முழு நெட்வொர்க்கும் தன்னிடமே என்று சொல்லும். வெர்ஷன் 2-இலும், பிளந்த பகுதிகளைச் சேர்த்து ஒரே நெட்வொர்க்காகச் சொல்வதை நிறுத்தும் ‘நோ ஆட்டோ-சம்மரி’ போடாவிட்டால் இதே சிக்கல்தான்.

இருப்பது இரண்டே ரவுட்டர், மாற்றுப் பாதையும் இல்லை. இதற்கு ரிப் எதற்கு? ஸ்டாட்டிக் ரூட் (நாமே கையால் எழுதி வைக்கும் பாதை) போதும். தொழிற்சாலை 192.168.10.0, ஆபீஸ் 192.168.20.0, வயர்லெஸில் ஆபீஸ் முனை 192.168.99.1, தொழிற்சாலை முனை 192.168.99.2 என்று வைத்துக்கொண்டால்:

ஆபீசில்: ஐபி ரூட் 192.168.10.0 255.255.255.0 192.168.99.2
தொழிற்சாலையில்: ஐபி ரூட் 192.168.20.0 255.255.255.0 192.168.99.1

இரண்டாவது வரியைத்தான் பலர் மறப்பார்கள். போன பாக்கெட்டுக்குத் திரும்ப வழி இருக்காது. ஒரே இடத்துக்கு இரு வழியில் பாதை தெரிந்தால் ரவுட்டர் அவற்றின் மதிப்பைப் பார்க்கும்: ஸ்டாட்டிக்கின் மதிப்பு 1, ரிப்பின் மதிப்பு 120, குறைந்ததே வெல்லும். ஆகவே வேலை நேரத்திலேயே ஸ்டாட்டிக்கைப் போட்டுச் சோதித்துவிட்டு, பிறகு ‘நோ ரவுட்டர் ரிப்’ கொடுக்கலாம். இரு பக்கமும் ‘ரைட் மெமரி’ கட்டாயம். மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்தால் சேமிக்காத மாற்றம் எதுவும் மிஞ்சாது.

கேள்வி: பழைய ரவுட்டருக்குள் டெல்நெட்டில்தான் (தூரத்திலிருந்து நுழையும் பழைய முறை) போக முடிகிறது. அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: வேண்டாம். டெல்நெட்டில் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாகப் போகும். ரவுட்டரின் மென்பொருளில் எஸ்எஸ்எச் (எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் முறை) இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு கம்ப்யூட்டரின் ஐபி-யை மட்டும் அனுமதிக்கும் ஆக்சஸ் லிஸ்ட் எழுதி, விடிஒய் லைனில் (தூரத்திலிருந்து நுழையும் வாசல்) ‘ஆக்சஸ்-கிளாஸ்’ மூலம் பூட்டுங்கள். இன்டர்நெட் பக்கத்திலிருந்து டெல்நெட்டின் போர்ட் 23 திறந்திருக்கவே கூடாது.